விறகும் கேஸும் கரண்டும் ஒரே வீட்டில்: எங்கள் ஊர் அடுக்களைகளில் பார்த்த தீ

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கம் எந்த வீட்டு அடுக்களைக்குள் போனாலும் மூன்று விதமான தீ ஒன்றாக இருக்கும். தரையோடு தரையாக விறகடுப்பு, மேடைமேல் கேஸ் அடுப்பு, அதற்குப் பக்கத்தில் மிக்சிக்கும் இண்டக்‌ஷனுக்கும் போட்ட பிளக். நான் நாகர்கோவில் டவுனில் வளர்ந்தவள். அங்கே எங்கள் தெருவில் விறகடுப்பு எப்போதோ போய்விட்டது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபிறகுதான் சிரட்டை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), கதம்பை (தேங்காய் மட்டை), ரப்பர் விறகு என்று அடுக்கி வைத்த பரணையும், அதற்குக் கீழே எரியும் அடுப்பையும், மழைக்காலமானால் இரண்டுக்கும் நடுவே காயத் தொங்கும் ரப்பர் ஷீட்டையும் (ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக்கியது) பார்த்தேன். மூன்றில் எதையும் யாரும் விடப்போவதில்லை, விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. விறகடுப்பில் வெந்த கிழங்குக்கும் மீன்குழம்புக்கும் ருசி வேறுதான்.

ஆனால் இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் நான் பார்த்த தீ எல்லாமே, எரிகிற ஒன்றும் எரியக்கூடிய ஒன்றும் நெருங்கி இருந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. கேஸ் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சொல்லும் அறிவுரை நம் வீட்டுக்குப் பாதிதான் பொருந்தும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ரப்பர் ஷீட். ஜூனில் தென்மேற்கு மழை பிடித்தால் முற்றத்தில் ஷீட் காயாது. புகைப்புரை (புகையில் ஷீட்டைக் காயவைக்கும் தனி அறை) இருப்பவர்களுக்குக் கவலையில்லை. கொஞ்சம் மரம் மட்டும் வைத்திருப்பவர்கள் அடுக்களையில் மூங்கில் கட்டி, அடுப்புக்கு மேலே ஷீட்டைத் தொங்கவிடுவார்கள். சமைக்கிற புகையிலேயே அது பொன்னிறமாகக் காய்ந்துவிடும். எங்கள் கிழக்கு வீட்டு மாமா அப்படித்தான் காயப்போட்டிருந்தார். ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் படுக்கப் போகும்போது, புகை நிற்காமல் இருக்கட்டும் என்று அடுப்பில் இரண்டு கதம்பையைத் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

கதம்பை உடனே எரியாது. உள்ளுக்குள் கனன்று கனன்று, காற்றுப் பட்டதும் குப்பென்று பிடிக்கும். ஷீட்டோ காயக்காய எடை குறைந்து மூங்கிலில் வழுக்கும். நடுராத்திரி ஒரு ஷீட் நழுவி அடுப்பில் விழுந்திருக்க வேண்டும். நாங்கள் எழுந்தது சத்தம் கேட்டு இல்லை, நாற்றத்தில். டயர் எரிந்தால் எப்படி வாடை வருமோ அதே வாடை. வெளியே வந்து பார்த்தால் அவர்கள் வீட்டு ஓட்டின் இடுக்கெல்லாம் கறுப்பாகப் புகை வழிகிறது. ரப்பர் எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டுகிற துளியும் எரிந்துகொண்டே விழும். பரணில் இருந்த ஓலைச்சூட்டும் கொதும்பும் கீழிருந்து அப்படித்தான் பிடித்தன.

மாமா உள்ளே போகப் பார்த்தார். அத்தனை ஷீட்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு என்று சேர்த்து வைத்தது. அவர் மகன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அப்பா, போனா வரமாட்டீய" என்று கத்தினான். அவன் பிடித்த பிடிதான் அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். தீப்பிடித்த வீட்டில் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. சில மூச்சுக்குள் தலை சுற்றி, கால் நடக்காது. உள்ளே மாட்டிக்கொண்டால் நிமிர்ந்து ஓடக்கூடாது. புகை மேலே ஏறும், தரையோரம்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். தவழ்ந்து வர வேண்டும்.

தக்கலையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. இடைவழிக்குள் அது நுழையாது, ரோட்டில் நிறுத்தி ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுக்களை முழுக்கப் போயிற்று. வீடு தப்பியது. ஏன் தப்பியது என்று அந்தத் தீயணைப்பு வீரர் காட்டிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுக்களைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பழைய பலாமரக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் பூராவும் கரி, இந்தப் பக்கம் மாட்டியிருந்த காலண்டர் அப்படியே இருந்தது. சாத்திய கதவு தீயையும் புகையையும் நல்ல நேரம் தடுத்து நிறுத்தும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி அடுக்களைக் கதவைத் திறந்துபோட்டுப் படுப்பதில்லை. தீப்பிடித்து வெளியே ஓடும்போதும், உள்ளே யாரும் இல்லை என்றால் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடுங்கள்.

மாமா பிறகு சின்னதாக ஒரு புகைப்புரை கட்டினார், வீட்டிலிருந்து தள்ளி. அடுப்பு வெளியே, புகை மட்டும் தரைக்கடியில் குழாய் வழியாக உள்ளே போகும். குழாய் வாய்க்கு மேலே இரும்புத் தகடு, ஷீட்டுக்குக் கீழே கம்பிவலை. ஷீட் விழுந்தாலும் வலையில்தான் விழும், தீப்பொறி வந்தாலும் தகட்டில் தட்டும். ஷீட் காய 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூடு போதும். அதற்குமேல் தீ மூட்டினால் ஷீட்டில் குமிழி விழும், விலையும் கிடைக்காது, ஆபத்தும் கூடும். புரை கட்ட வசதி இல்லாமல் அடுக்களையிலேதான் காயப்போட வேண்டும் என்றால், அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம், பக்கவாட்டில் கட்டுங்கள். மூங்கிலில் ஷீட்டை கிளிப் போட்டு நிறுத்துங்கள். படுக்கும்முன் தீயை முழுசாக அணையுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பரண் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அடுப்பு எரிகிற சூட்டில் விறகு காயட்டும் என்று மேலே வைப்பது பழக்கம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அடுக்களைக்குள் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே சாய்ப்பில் போட்டுவிட்டோம். ஓலைக்கூரை போட்ட வெளிஅடுக்களை இன்னும் பல வீட்டில் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் போனதை யாரும் மறக்கவில்லை. சத்துணவு அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ அது. கூரை ஓலை என்றால் அடுப்புக்கு மேலேயாவது தகரம் அடித்துக்கொள்ளுங்கள், கதவுப் பக்கம் எதையும் அடுக்காதீர்கள்.

சாம்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் அடுப்பைத் துப்புரவாக்கி, சாம்பலை பிளாஸ்டிக் வாளியில் அள்ளி, தென்னைமூட்டில் கொட்டுவது வழக்கம். மேலே வெள்ளையாக ஆறிப்போய்த் தெரியும், அடியில் கனல் உயிரோடு இருக்கும். மறுநாள் வரைக்கும்கூட இருக்கும். எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா சாம்பல் வாளியை விறகுச் சாய்ப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார். வாளி உருகி, விறகு பிடித்து, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டை அக்கம்பக்கத்தவர் அவிழ்த்துவிட்டதால் ஆடு பிழைத்தது. சாம்பலுக்கு இரும்புச் சட்டி வேண்டும். தண்ணீர் தெளித்துக் கிளறிவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

மழையில் நனைந்த விறகு பிடிக்காதபோது மண்ணெண்ணெய் ஊற்றுவது இன்னொரு கேடு. அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுவார்கள், அடியில் கனல் இருக்கும். ஊற்றிய எண்ணெய் ஆவியாகி, குப்பென்று கைக்கே வரும். காய்ந்த சிரட்டையும் ஒரு பிடி தேங்காய்ச் சவுரியும் (நார்) இருந்தால் எந்த விறகும் பிடிக்கும், மண்ணெண்ணெயே வேண்டாம். அப்புறம் உடுப்பு. வீட்டில் நாம் எல்லோரும் போடும் பாலியெஸ்டர் நைட்டி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குனிந்து ஊதும்போது அதன் தொங்கலும் ஷாலும் அடுப்புக்குள் போகும். அடுப்படியில் நிற்கும்போது பருத்தி உடுத்துங்கள். ஷாலைக் கழற்றி வைத்துவிடுங்கள். உடுப்பில் தீப்பிடித்துவிட்டால் ஓடவே கூடாது, ஓடினால் காற்றில் கூடும். அங்கேயே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, தரையில் உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையையோ சாக்கையோ போட்டு மூட வேண்டும். இதை என் பிள்ளைகளுக்கு முற்றத்தில் உருள வைத்தே சொல்லிக்கொடுத்தேன்.

கேஸுக்கு வருவோம். கேஸும் விறகடுப்பும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு தனி ஆபத்து உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர்போல் தரையில் பரவி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். நம் விறகடுப்பு இருப்பதோ தரையில். அதில் சாம்பல் மூடிய கனல். இந்த இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் அது நடக்கப் பார்த்தது. விடியற்காலை ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் ஆளுக்குக் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) போட, மாமியார்தான் எப்போதும் முதலில் எழுவார். அன்றைக்கு நானும் பின்னாலேயே போனேன். அடுக்களைக் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். லைட் போட நான் கையை நீட்ட, கையைப் பிடித்துக்கொண்டு, "கேஸ் வாடை அடிக்கு மக்களே, சுவிச்ச தொடாத" என்றார். படிப்பு அதிகம் இல்லாதவர். ஆனால் மூக்கு கூர்மை. கேஸுக்குத் தனியாக வாடை கிடையாது, நமக்குத் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான்.

வெளிவாசலையும் ஜன்னலையும் திறந்தோம். கணவர் இருட்டிலேயே தடவிப் போய் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் அதன் மூடியைப் போட்டார். எல்லோரும் முற்றத்தில் நின்றோம், போனைக்கூட வெளியே தள்ளிப் போய்த்தான் எடுத்தோம். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண் எந்த நேரமும் இயங்கும். முந்தின ராத்திரி அடுப்பில் தீ மூட்டவில்லை என்பது அன்றைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி அடுக்களை நடத்த முடியாது.

வெளிச்சம் வந்தபின் பார்த்தால் ட்யூப்பில், மேடைக்கு அடியில் சுவரோடு உரசும் இடத்தில், எலி கடித்த தடம். கண்ணுக்கு எளிதில் தெரியாத மடிப்பில் இருந்தது. இப்போது ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலைப் பின்னலோடு வரும் சுரக்‌ஷா ட்யூப்தான் போடுகிறோம். அதற்கும் 5 வருஷம்தான் கணக்கு. மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். துணி சுற்றி, கவர் போட்டு அழகாக மூடிவைக்காதீர்கள், விரிசல் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், கசிந்தால் குமிழி வரும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

சிலிண்டர் வாங்கும்போது இரண்டு காரியம் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வால்வுக்குள் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்பது ஒன்று. சிலிண்டர் தோளில் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருஷமும் எழுதியிருக்கும் என்பது இன்னொன்று. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலத்துக்குள் சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று பொருள். தாண்டிப் போயிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம், கொண்டுவந்த தம்பி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். நாங்கள் அந்த விடியலுக்குப் பிறகு விறகடுப்பை வெளித்திண்ணைக்கு மாற்றிவிட்டோம். மாமியார்தான் முதலில் ஒத்துக்கொண்டவர்.

எண்ணெய்த் தீ வேறு மாதிரி. கருங்கலில் இருக்கும் மைனி (அண்ணி) வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தோம். அச்சு சூடாக வேண்டும் என்று சீனிச்சட்டியில் (வாணலியில்) தேங்காயெண்ணெயை நன்றாகக் காயவிட்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, எட்டிப்பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பும்போது எண்ணெயின்மேல் நீலமாக ஒரு ஆட்டம், அடுத்த நொடி தீ ஜன்னல் உயரத்துக்கு. அவர் பையன் ஒரு செம்பு தண்ணீரோடு ஓடிவந்தான். "மக்களே, வெள்ளம் ஊத்தாத!" என்று மைனி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

காரணம் இதுதான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் உடனே ஆவியாகி, 1,700 மடங்கு வரை பெருகும். எரிகிற எண்ணெயைச் சட்டியோடு கூரைக்குத் தூக்கி எறியும். ஒரு செம்புத் தண்ணீர் ஒரு வீட்டையே எடுத்துவிடும். மைனி முதலில் கேஸை அணைத்தார். மாவு மூடிவைத்திருந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைத் தனக்கு முன்னால் கேடயம்போல் பிடித்து, பக்கவாட்டிலிருந்து சட்டிமேல் நகர்த்தி மூடினார். தீ செத்தது. திறந்து பார்க்கத் தோன்றும், திறக்கக் கூடாது. எண்ணெய் ஆறும்வரை அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டு மறுபடி பிடிக்கும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும் கூடாது. எண்ணெய் புகைய ஆரம்பித்தாலே அது எச்சரிக்கை, அடுப்பைக் குறைக்க வேண்டும். இப்போது முந்திரிக்கொத்தோ அச்சுமுறுக்கோ எது சுட்டாலும், சட்டியைவிடப் பெரிய மூடி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் எண்ணெயே ஊற்றுகிறோம்.

அன்று தெறித்த எண்ணெயில் மைனிக்கு மணிக்கட்டில் சுட்டுவிட்டது. நாலு பக்கமிருந்தும் வைத்தியம் வந்தது. பல்பசை, பேனா மை, காப்பிப்பொடி, தோசைமாவு. எதையும் நான் தொடவிடவில்லை. வளையலையும் மோதிரத்தையும் உடனே கழற்றினோம், வீங்கிவிட்டால் கழற்றவே முடியாது. குழாயடியில் சாதாரண தண்ணீரை 20 நிமிஷம் ஓடவிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். ஐஸ் கூடாது, அது தோலை இன்னும் கெடுக்கும். பிறகு துவைத்த மெல்லிய பருத்தித் துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, மூட்டு, குழந்தைகள் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பூசினது எல்லாவற்றையும் டாக்டர் சுரண்டி எடுத்துத்தான் காயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அந்த வேதனையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கரண்டைப் பற்றி எழுதினால் தனியாகவே ஒரு கட்டுரை ஆகும், பழைய ஓட்டுவீடுகளுக்கு மட்டும் சொல்கிறேன். ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு போட்ட வீடு நம் ஊரில் பெருமை. அந்தத் தட்டின் மேலேதான் பழைய வயரிங் மரப்பட்டையில் ஓடும். அங்கேதான் நெத்துத் தேங்காயும் பழைய பாயும் பேப்பர் கட்டும் கிடக்கும். அங்கேதான் மரநாயும் அணிலும் குடியிருக்கும், வயரைக் கடிக்கும். 2021 ஜூனில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கருவறைக் கூரை தீயில் எரிந்ததை இந்த மாவட்டமே கண்ணீரோடு பார்த்தது. காய்ந்த பழைய மரம் பிடித்தால் எவ்வளவு சீக்கிரம் போகும் என்று அன்று தெரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறையாவது தட்டின்மேல் ஏறிப் பாருங்கள். வயர் உறை வெடித்திருக்கிறதா, எலிப்புழுக்கை வயர் ஓரம் கிடக்கிறதா, மூட்டு கறுத்திருக்கிறதா. எரியும் சாமான்களைக் கீழே இறக்குங்கள்.

பழைய வயரிங் லைட்டுக்கும் ஒரு ஃபேனுக்கும் போட்டது. அதே வயரில் ஃப்ரிட்ஜ், இண்டக்‌ஷன், ஹீட்டர் எல்லாம் ஓட்டினால் சூடாகத்தான் செய்யும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கனமான செம்புக்கம்பியைச் சுற்றிவைப்பது காவல்காரனின் கண்ணைக் கட்டுவதுபோல. ஃபியூஸ் போனால், லோடு அதிகம் என்று வீடு உங்களிடம் சொல்கிறது. லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று வயரை மாற்றி, லோடு கூடினால் தானாக அணையும் எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே அணையும் இ.எல்.சி.பி.யும் போட்டுவிடுங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, மீன்வாடை மாதிரி ஒரு கருகல் வாடை வருகிறதா, அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் விடாமல் கேளுங்கள். கரண்டில் பிடித்த தீக்கு முதலில் மெயினை அணைக்க வேண்டும், தண்ணீர் கூடவே கூடாது. இ.பி. கம்பத்தில் பொறி பறந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லலாம்.

டிசம்பர் வந்தால் வாசலெல்லாம் நட்சத்திரம், உள்ளே கிறிஸ்துமஸ் குடில். நம் ஊரின் அழகே அதுதான். குடிலுக்குப் போடும் வைக்கோலும் புல்லும் இரண்டு வாரத்தில் சருகாகக் காய்ந்துவிடும், அதற்குள்தான் சீரியல் பல்பைப் புதைக்கிறோம். மெழுகுவர்த்தியும் வைக்கிறோம். படுக்கும்முன் குடில் லைட்டை அணைத்துவிடுங்கள், மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு போதும். நட்சத்திர வயரின் மூட்டு மழையில் நனையக்கூடாது, செலோடேப் சுற்றினது மூட்டே இல்லை. திருக்கார்த்திகைக்கு விளக்கு வைக்கிறவர்களுக்கும் இதுதான், திரைச்சீலைக்குப் பக்கம் வேண்டாம்.

ஒக்கி புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தபிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை ஜன்னல் படியிலும் கட்டில் தலைமாட்டிலும் ஒட்டிவைத்துத் தூங்கினோம். பக்கத்து ஊரில் கொசுவலை பிடித்து, குழந்தையை இழுத்து எடுத்தார்கள். இப்போதும் நான் மெழுகுவர்த்தியை மணல் போட்ட சட்டியில் நட்டுத்தான் கொளுத்துகிறேன், கடைசியாகத் தூங்குபவர் அணைக்க வேண்டும். அந்த நாட்களில் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடின சிட்அவுட்டிலோ ஓட்டக்கூடாது. நான் முன்னால் சொன்ன அதே வாடையில்லாத கார்பன் மோனாக்சைடு அதிலும் வரும், தூங்குபவர்கள் எழமாட்டார்கள்.

ரப்பர் இலை உதிரும் ஜனவரி, பிப்ரவரியில் தோட்டமெங்கும் சருகு கணுக்கால் ஆழம் கிடக்கும். வீட்டைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்காவது பெருக்கி மண் தெரிய வைத்திருங்கள். காற்று வீசும் மத்தியானத்தில் சருகுக்குத் தீ வைக்காதீர்கள், தென்னைக்குத் தடத்தில் போட்டால் உரமாகும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரம் தீயணைப்பு நிலையத்தார் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் வந்து செய்துகாட்டுவார்கள். எங்கள் மகளிர் குழு சார்பில் கேட்டோம், வந்தார்கள். சிலிண்டர் வாயில் எரியும் தீயை நனைத்துப் பிழிந்த சாக்கால் மூடி அணைத்துக் காட்டினார்கள். எங்களையும் செய்ய வைத்தார்கள். முதலில் பயந்து பின்வாங்கிய பெண்கள் இரண்டாவது முறை தாங்களாகவே சாக்கை வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் வாங்கலாம் என்றும் சொன்னார்கள். பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்து, பிடியை அழுத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். சில நொடிகளில் தீர்ந்துவிடும், அதனால் வெளியே போகும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுதான் அடிக்க வேண்டும். அதை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், கதவோரம் மாட்டுங்கள்.

அவர்கள் அன்று எங்களிடம் கேட்டுக்கொண்ட ஒரு காரியத்தோடு முடிக்கிறேன், ஏனென்றால் இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். 101-க்கோ 112-க்கோ போன் செய்து பதற்றத்தில் விளையின் (நாம் குடியிருக்கும் சிற்றூரின்) பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடுகிறோம். ஒரே பெயரில் மேலவிளை, கீழவிளை என்று எத்தனை விளை இந்த மாவட்டத்தில்! வண்டி வேறு விளைக்குப் போய்விடும். விளையின் பெயரோடு பஞ்சாயத்து, தபால் ஆபீஸ், பக்கத்துச் சர்ச் அல்லது கோயில் அல்லது ரேஷன் கடை, எந்த ஜங்ஷனிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்ல வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைக்கு வெளியே ஒட்டியிருக்கிறோம், பதறும்போது பிள்ளைகளும் பார்த்து வாசிக்கலாம். போன் செய்தவுடன் ஒருவர் டார்ச்சோடு ரோட்டு முக்குக்குப் போய் நிற்க வேண்டும். வண்டி நுழையாத இடைவழி என்றால், குனிந்து வரும் கரண்ட் கம்பி இருந்தால், பக்கத்தில் குளமோ கிணறோ இருந்தால், அதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.